சிங்கப்பூர் முன்னுக்குத் தள்ளிய அரை மணித்தியாலம்

தொள்ளாயிரம் மைல்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை. நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே ஒரு கேள்வி வந்தது.

"பாங்கொக்கில இருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் புள்ள?"

கேட்டவர் ஆதம்பாவா முதலாளி. மருதமுனையில் இடுப்பில் உடுக்கும் கைத்தறிச் சாரம் விற்றுக்கொண்டிருந்தவர். வெளிநாட்டுச் சாமான் கொண்டுவர வழி திறந்த பிறகு, பாங்கொக்கில் துணியும் சிங்கப்பூரில் ரேடியோவும் வாங்கி வரலாம் என்று முதல் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அது எழுபத்தொன்பதாம் ஆண்டு. எனக்கு இருபத்திரண்டு வயது. கல்முனையில் ஒரு மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் பாஸ் பண்ணியிருந்தேன். நான் போயிருந்த ஆகத் தூரமான இடம் கொழும்பு. அதுவும் ஒரு தடவை, பஸ்ஸில், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு.

விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற எங்கள் கந்தோர் கல்முனைப் பிரதான வீதியில் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கந்தோரின் சொந்தக்காரர் மஜீத் ஹாஜியார். பயம் வந்தால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆதம்பாவா முதலாளி கேட்ட கேள்விக்கு அவருக்கும் விடை தெரியவில்லை. சிரித்தார். "இனி இதெல்லாம் தங்கச்சிட வேலை" என்று என்னைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மேசையில் பள்ளிக்கூட அட்லஸ் ஒன்று கிடந்தது. நான் என் கைக்குட்டை ஓரத்தில் இருந்து ஒரு நூலை இழுத்து, பாங்கொக்கில் ஒரு நுனியை வைத்து, சிங்கப்பூர் வரை பிடித்து, அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். தொள்ளாயிரம் மைலுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

"தொள்ளாயிரம் மைல் முதலாளி."

"பிளேன் எத்தனை மணித்தியாலம் எடுக்கும்?"

விமான நேரசூசிப் புத்தகம் தலையணை அளவு. பத்து நிமிடம் புரட்டித்தான் கண்டுபிடித்தேன். "ரெண்டு மணித்தியாலம் இருவது நிமிஷம்."

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கொழும்புக்குப் போறத்துக்கு எனக்கு ஒரு பகல் முழுக்க வேணும். தொள்ளாயிரம் மைல் ரெண்டு மணி இருவது நிமிஷமா? நீ புதுசு புள்ள. ஹாஜியாரக் கூப்பிடு."

ஹாஜியார் உள்ளே இருந்தே சிரித்தார்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஆதம்பாவா முதலாளி திரும்பி வந்தார். புதுச் சட்டை, புதுக் கைக்கடிகாரம், நேராக மாடிப்படி ஏறி என் மேசைக்கு முன்னால் நின்றார். பயணம் நல்லதா என்று கேட்க விடவில்லை.

"புள்ள, நீ சொன்ன ரெண்டு மணி இருவது எங்க? பாங்கொக்கில பத்து மணிக்கு ஏறினன். சிங்கப்பூரில இறங்கக்குள்ள அங்கத்த மணிக்கூட்டில ஒண்டுக்குப் பத்து நிமிஷம். ரெண்டு மணி ஐம்பது நிமிஷம். சரி, பிந்திப் போச்செண்டு நினைச்சன். திரும்பி வரக்குள்ளயும் பத்து மணிக்குத்தான் ஏறினன். பாங்கொக்கில இறங்கக்குள்ள பன்ரெண்டுக்குப் பத்து நிமிஷம். ஒரு மணி ஐம்பது நிமிஷம். ஒரே தூரம்தானே. போகக்குள்ள ஏன் என்னை மெதுவான பிளேனில ஏத்தின நீ?"

அந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவர் கோபமாக நிற்கிறார், நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் கைக்கடிகாரத்தையும் அவருடைய புதுக் கடிகாரத்தையும் கழற்றி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று பாங்கொக், மற்றது சிங்கப்பூர். சிங்கப்பூரை அரை மணித்தியாலம் முன்னுக்கு வைத்தேன். பிறகு ஒரு தீப்பெட்டியைப் பிளேன் என்று சொல்லி மேசை மேல் பறக்கவிட்டேன். போகும்போது அந்த அரை மணித்தியாலம் கூடுகிறது, வரும்போது கழிகிறது. பறந்தது இரண்டு தரமும் இரண்டு மணி இருபது நிமிடம்தான்.

மூன்றாவது தரம் தீப்பெட்டி பறந்தபோது அவருக்கு விளங்கியது. அதற்குப் பிறகு தீப்பெட்டியை அவரே கையில் எடுத்துக்கொண்டார். படியில் ஏறி வந்த ஒவ்வொருவருக்கும் அன்று மத்தியானம் வரை அவர்தான் பறக்கவிட்டார்.

சாட்டு

அதற்குப் பிறகு நான் ஒரு பெரிய மட்டைத்தாளில் கலர்ப் பென்சிலால் ஒரு நேர அட்டவணை, அதாவது சாட்டு, எழுதிச் சுவரில் ஒட்டினேன். எந்த ஊர் நம்முடைய நேரத்தைவிட எவ்வளவு முன்னுக்கு, எவ்வளவு பின்னுக்கு. பாங்கொக் ஒன்றரை மணித்தியாலம் முன்னுக்கு. சிங்கப்பூர் இரண்டு. ஜித்தா, துபாய் எல்லாம் பின்னுக்கு.

அந்தக் காலத்து டிக்கெட்டில் விமானம் புறப்படுகிற நேரம் மட்டும்தான் எழுதியிருக்கும். போய்ச் சேருகிற நேரம் இருக்காது. அதை நாங்கள்தான் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். புறப்படுகிற நேரத்தோடு பறக்கிற நேரத்தைக் கூட்டி, சாட்டைப் பார்த்து வித்தியாசத்தைக் கூட்டுவதோ கழிப்பதோ செய்து, டிக்கெட் உறைக்கு மேல் பென்சிலால் எழுதிக் கொடுப்பேன். அந்தப் பென்சில் எழுத்தை நம்பி ஆட்கள் பிளேன் ஏறினார்கள். நான் பிளேனைக் கிட்டப் பார்த்ததுகூட இல்லை.

அந்த வேலை எனக்குத் தலைகிறுகிறுக்கிற சந்தோஷத்தைத் தந்தது. வீதியால் மாட்டுவண்டி போகும், கீழ்க்கடையில் கருவாடு நிறுப்பார்கள், மேலே நான் ஹொங்கொங்கில் இறங்கிக்கொண்டிருப்பேன். டிக்கெட் வாங்காதவர்களும் வந்து நேரம் கேட்டுவிட்டுப் போவார்கள். சாகாமத்தில் இருந்து ஒரு போடியார், நிறைய வயல் உள்ளவர், பசளை வாங்க வந்த இடத்தில் படியேறி வந்து, "இப்ப டோக்கியோவில என்ன நேரம்?" என்று கேட்டார். சொன்னேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்று வருடம் அந்தச் சாட்டில் ஒரு பிழையும் வரவில்லை.

துறைமுக வாசல்

எண்பத்திரண்டு மார்ச்சில் ஆதம்பாவா முதலாளி வந்தார். இந்தத் தரம் தனியாக இல்லை. மனைவி சாறா உம்மாவும் வந்திருந்தார். கையில் ஒரு கடிதம்.

அவர்களுடைய ஒரே மகன் ஜௌபர் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. போய் நான்கு வருடம். ஊருக்கு ஒரு தரமும் வரவில்லை. அவனுடைய கப்பல் எண்ணெய் நிரப்ப ஒரே ஒரு நாள் சிங்கப்பூரில் நிற்கப் போகிறது என்று எழுதியிருந்தான். பகல் ஒரு மணிக்குப் பிறகு துறைமுக வாசலுக்கு வரலாம். மாலை நாலரைக்கு எல்லோரும் கப்பலில் ஏறிவிட வேண்டும். ஐந்துக்குக் கப்பல் புறப்படும்.

"அந்த நேரம் எனக்குப் பாங்கொக்கில துணி வேலை இரிக்கி" என்றார் ஆதம்பாவா முதலாளி. "இவவையும் கூட்டிக்கிட்டுப் போறன். அங்க இருந்து சிங்கப்பூருக்குப் பறக்க, மவனக் காண நேரம் இரிக்குமா? அதை மட்டும் சரியாப் பாத்துச் சொல்லு."

சாறா உம்மா என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பாங்கொக்கில் இருந்து இரண்டு விமானம் இருந்தது. ஒன்று காலை எட்டு மணிக்கு, மற்றது பன்னிரண்டு மணிக்கு. காலையில் துணிப் பொதிகளைக் கப்பலுக்கு ஒப்படைக்க வேண்டும், ஆகவே பன்னிரண்டு மணி விமானமே வசதி என்றார் முதலாளி. நான் கணக்குப் பார்த்தேன். பன்னிரண்டோடு இரண்டு மணி இருபது. அதோடு அரை மணித்தியாலம். சிங்கப்பூர் நேரம் மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க இறங்கலாம். சுங்கம் தாண்டி வெளியே வர மூன்றரை. டாக்சியில் துறைமுக வாசலுக்கு நாலு. அரை மணித்தியாலம் மகனோடு இருக்கலாம்.

"அரை மணித்தியாலம் இரிக்கி உம்மா" என்றேன்.

"அரை மணித்தியாலம் காணும், அது போதும்" என்றார் சாறா உம்மா. அதுதான் அவர் அன்று பேசிய ஒரே வார்த்தை.

அவர்கள் போய் நாலாம் நாள் காலை. சாய்ந்தமருதில் இருந்து ஒரு புடவைக் கடைக்காரர், சிங்கப்பூர் போய் வந்தவர், ஹாஜியாரைப் பார்க்க வந்தார். சுவரில் சாட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா கதையோடு கதையாகச் சொன்னார்.

"மிஸ், இது பிழைதானே. சிங்கப்பூர் இப்ப ரெண்டு மணித்தியாலம் இல்ல, ரெண்டரை. வருசம் பிறந்த அண்டைக்கு மணிக்கூட்ட அரை மணித்தியாலம் தள்ளி வைச்சிட்டாங்க. மலேசியாவிலயும் அப்படித்தான். எனக்கு அங்க முதல் நாள் எல்லாமே பிந்திப்போச்சு."

எழுந்து பைல்களைத் தேடினேன். இருந்தது. கொழும்பில் இருந்து ஜனவரியிலேயே சுற்றறிக்கை வந்திருக்கிறது. நானே அதை வாசிக்காமல் ஹஜ் பைலுக்குள் குத்தி வைத்திருக்கிறேன். என் கையெழுத்திலேயே 'பெறப்பட்டது' என்று எழுதியும் இருக்கிறது.

மூன்றுக்குப் பத்து அல்ல, மூன்று இருபதுக்குத்தான் இறங்குவார்கள். வெளியே வர நாலு. துறைமுக வாசலுக்கு நாலரை. நான் அந்தத் தாய்க்குக் கொடுத்த அரை மணித்தியாலத்தைச் சிங்கப்பூர் முழுசாக எடுத்துக்கொண்டுவிட்டது. அவர்கள் வாசலுக்குப் போகும் நேரம் மகன் கப்பல் ஏணியில் நிற்பான். சிங்கப்பூர்ப் பயணம் அடுத்த நாள்.

ஹாஜியாரிடம் போய் சுற்றறிக்கையை நீட்டினேன். "என்ட பிழை ஹாஜியார்" என்றேன்.

அவர் வாசித்தார். சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு கந்தோர் போனை இழுத்து, "நான் கொழும்பப் புடிக்கிறன். நீ தபால் கந்தோருக்கு ஓடு. பாங்கொக் ஹோட்டலுக்கு டெலிபோன் கோல் போடு. எட்டு மணிப் பிளேனுக்கு மாத்தச் சொல்லு" என்றார்.

ஓடினேன். சேலையில் ஓடிப் பழக்கம் இல்லாதவள் ஓடினால் எப்படி இருக்கும் என்று கல்முனைச் சந்தை அன்று பார்த்தது.

தபால் கந்தோரில் ஒரு கோல்

தபால் கந்தோரில் டெலிபோனில் இருந்தவர் சிவபாக்கியம் அக்கா. பாண்டிருப்பு ஊர்க்காரர். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குத் தெரியும். வெளிநாட்டுக் கோல் கொழும்பு வழியாகத்தான் போக வேண்டும். ஒன்பது மணிக்குப் பதிந்துவிட்டு, அங்கே கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை வரைக்கும் கோல் வரவில்லை. அதற்குள் முத்திரை வாங்க வந்த வரிசை முழுவதற்கும் கதை தெரிந்துவிட்டது. ஒருவரும் முத்திரை வாங்கிக்கொண்டு போகவில்லை. என்ன நடக்கப்போகிறது என்று பார்க்க நின்றார்கள்.

"கிரேஸ், பாங்கொக். மூண்டு நிமிஷம்தான். கெதியாக் கதை" என்றார் அக்கா.

ஹோட்டல் பெண்ணிடம் இங்கிலிஷில் அறை இலக்கத்தைச் சொன்னேன். மணி அடித்தது. நீண்ட நேரம் அடித்தது. எடுத்தது சாறா உம்மா. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் போன் எடுக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

"உம்மா, நான் கிரேஸ் கதைக்கிறன்."

"ஓம் புள்ள. கீழயா நிக்கிறாய்? மேல வா."

"நான் அங்க இல்ல உம்மா. கல்முனையில, தபால் கந்தோரில."

"கல்முனையிலயா? அப்ப எப்படி இவ்வளவு கிட்டக் கேக்குது?"

"உம்மா, முதலாளி எங்க?"

"துணிக் கடைக்குப் போனவர். பின்னேரம் வருவார்."

"அப்ப நீங்க கவனமாக் கேளுங்க. சிங்கப்பூரில மணிக்கூட்ட அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிட்டாங்க."

"ஆரு தள்ளின?"

"அந்த நாட்டு அரசாங்கம் உம்மா."

"என்னத்துக்கு? நாங்க போறத்துக்கு முதல் நாளா தள்ளணும்?"

"இல்ல உம்மா, ஜனவரியில தள்ளினது."

"ஜனவரியில தள்ளினத ஏன் புள்ள இப்ப சொல்றாய்?"

வரிசையில் நின்றவர்களுக்கு ஆளுக்கொரு பதில் இருந்தது. "சூரியனைச் சொல்லு மிஸ், அங்க முதல்ல விடியும் எண்டு சொல்லு" என்றார் ஒருவர். "உருண்டைத் தோடம்பழத்தைப் பூமி எண்டு வைச்சு விளங்கப்படுத்துங்க" என்றார் இன்னொருவர். போனில் தோடம்பழத்தை எப்படிக் காட்டுவது என்று மற்றவர் அவரோடு சண்டைக்குப் போனார். நான் பாங்கொக்கையும் சிங்கப்பூரையும் பூமி சுற்றுவதையும் சேர்த்து ஏதோ சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் "ஓம், ஓம்" என்று மட்டும் கேட்டது. விளங்காதவர்கள் மரியாதைக்குச் சொல்கிற ஓம்.

"ஒரு நிமிஷம் இரிக்கி" என்று அக்கா விரலைக் காட்டினார்.

நான் மூச்சை எடுத்தேன். "உம்மா, மணிக்கூட்ட விடுங்க. நாளைக்குப் பன்ரெண்டு மணிப் பிளேனில போனா மகனைக் காண ஏலாது. எட்டு மணிப் பிளேனில போனாக் காணலாம். அவ்வளவுதான்."

உடனே குரல் மாறியது. "எட்டு மணியா?"

"ஓம். காலையில. டிக்கெட்ட இண்டைக்கே மாத்தணும்."

"டிக்கெட் என்ட கைப்பைக்குள்ள" என்றார் சாறா உம்மா. பிறகு கோல் அறுந்துவிட்டது.

தபால் கந்தோர் முழுக்க என்னைப் பார்த்தது. "விளங்கினதா அவவுக்கு?" என்று கேட்டார் சிவபாக்கியம் அக்கா. தெரியாது என்றேன். ஹாஜியாருக்கும் கொழும்பு லைன் பின்னேரம் வரை கிடைக்கவில்லை. கிடைத்தபோது பாங்கொக்கில் கந்தோர்களைப் பூட்டிவிட்டார்கள் என்று அங்கே சொன்னார்களாம். அடுத்த நாள் நான் சாட்டைச் சுவரில் இருந்து கழற்றினேன். படியில் யார் ஏறினாலும் பயம். ஹாஜியார் உள்ளே தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை தந்தி வந்தது. ஆதம்பாவா முதலாளி சிங்கப்பூரில் இருந்து அடித்தது. ஐந்தே ஐந்து வார்த்தை. மகனைக் கண்டோம். மனைவி பிளேனை மாற்றினாள்.

நான் மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். ஹாஜியார் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, கீழே கடைக்கு ஆள் அனுப்பி, தந்தி கொண்டுவந்த தபால்காரர் தொடக்கம் படியில் நின்றவர்கள் வரை எல்லோருக்கும் சர்பத் கொடுத்தார்.

மூன்று மணித்தியாலம்

ஊருக்கு வந்த அடுத்த நாளே இரண்டு பேரும் கந்தோருக்கு வந்தார்கள். இந்தத் தரம் பேசியது சாறா உம்மா. முதலாளி பக்கத்தில் இருந்து, இன்னும் நம்ப முடியாதவர் மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கோல் அறுந்ததும் அவர் புருஷனுக்காகக் காத்திருக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, நாலு மாடி படியால் இறங்கியிருக்கிறார். லிப்டில் தனியாக ஏறப் பயம். ஹோட்டல் பெண்ணிடம் டிக்கெட்டையும் மகனுடைய போட்டோவையும் காட்டி, எட்டு விரலைக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கட்டடம் தள்ளி இருந்த விமானக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

"நான் பின்னேரம் வந்து பாத்தா எட்டு மணி டிக்கெட்ட நீட்டுறா" என்றார் முதலாளி. "எந்தப் பாசையில கதைச்சாய் எண்டு கேட்டன்."

"தமிழ்லதான் கதைச்சன்" என்றார் சாறா உம்மா. "விமானக் கந்தோரில இருந்தவன் அவன்ட பாசையில கதைச்சான். ரெண்டு பேருக்கும் விளங்கினது."

துணிப் பொதிகளை முதலாளி தெரிந்த ஒரு வியாபாரியிடம் பாரம் கொடுத்துவிட்டு, காலையில் விமானம் ஏறியிருக்கிறார்கள். பன்னிரண்டரைக்கே துறைமுக வாசலில் நின்றிருக்கிறார்கள். ஒரு மணிக்கு ஜௌபர் வந்தான். தாய்க்கு முதலில் அடையாளம் தெரியவில்லையாம். மீசை வைத்திருந்தான். நாலேகாலுக்குத்தான் போக எழும்பினானாம். நான் சொல்லியிருந்தது அரை மணித்தியாலம். கிடைத்தது மூன்று மணித்தியாலத்துக்கு மேல்.

"இவ்வளவு நேரம் என்ன கதைச்சீங்க உம்மா?" என்று கேட்டேன்.

"முதல் ஒரு மணித்தியாலம் எல்லாம் கதைச்சு முடிஞ்சுது புள்ள. நான் கொண்டுபோன தொதல் இனிப்பச் சாப்பிட்டான். மாசிச் சம்பல் போத்தலத் திறந்து அப்படியே விரலால எடுத்துத் திண்டான். பொறகு கதைக்க ஒண்டும் மிஞ்சல்ல. மரத்துக்குக் கீழ வாங்கு ஒண்டு இருந்தது. என்ட மடியில தலைய வைச்சு நித்திரை கொண்டான். அவன்ட வாப்பா நேரத்தப் பாத்துக்கிட்டிருந்தார். நான் மவனப் பாத்துக்கிட்டிருந்தன்."

நான் என் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சுற்றறிக்கையையும் காட்டினேன். சாறா உம்மா அதை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நீ சொன்ன கணக்குச் சரியா இருந்திருந்தா நாங்க எப்படியும் அரை மணித்தியாலத்துக்குத்தான் போயிருப்பம்" என்றார். அது மன்னிப்பா, பாராட்டா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

டிக்கெட் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சுற்றறிக்கையை வாசித்துவிட்டுப் பைலில் குத்துங்கள். போனில் ஆள் இருந்தால் முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள், பூமி சுற்றுவதைப் பிறகு சொல்லலாம். ஒருவர் எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம் என்று கேட்டால், அவர் கேட்பது மைலையும் மணியையும் அல்ல. நான் போய்ச் சேருவேனா என்றுதான் கேட்கிறார். ஆகவே அதற்குப் பிறகு யார் வந்தாலும் நான் முதலில் ஒரு கேள்வி கேட்கப் பழகிக்கொண்டேன். போகிற இடத்தில் யார் காத்திருக்கிறார்கள்?

அந்தக் கேள்வியை முதலில் கேட்டது அதே கிழமை, கோலாலம்பூருக்கு டிக்கெட் எடுக்க வந்த ஓர் இளம் ஆசிரியரிடம். வெட்கக்காரர். ஏதாவது ஒரு பிளேனில் போடுங்கள், எந்த நேரமும் சரி என்றார்.

"அங்க ஆர் காத்திருக்கிறாங்க?" என்றேன்.

"ஒருத்தரும் இல்ல மிஸ்."

நான் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினேன். அவர் தொண்டையைச் செருமினார். காதெல்லாம் சிவந்திருந்தது.

"ஒருத்தி இரிக்கா" என்றார்.

காலை முதல் விமானத்தில் போட்டுக் கொடுத்தேன்.